அழிந்த தரவு எப்போது திரும்பாது? நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சேமிப்புக் கருவியில் தொலைந்த தரவு மீளுமா என்பதைப் பழுது பார்ப்பவரின் கைத்திறன் தீர்மானிப்பது குறைவு. அந்தத் தரவைத் தாங்கிய பொருள்நிலை இன்னும் இருக்கிறதா என்பதே அதைத் தீர்மானிக்கிறது. வன்தட்டில் தரவு என்பது காந்தத்தின் திசை. மெமரி கார்டிலும் பென்டிரைவிலும் கைப்பேசியிலும் அது நுண்ணறைகளில் அடைபட்ட மின்னூட்டம். எழுதும் சிடியில் சாயப் பூச்சின் மேல் லேசர் சுட்ட புள்ளி. திசையோ மின்னூட்டமோ புள்ளியோ அப்படியே இருக்கும்வரை மீட்பு என்பது காசும் காலமும் சம்பந்தப்பட்ட காரியம். அவை மாறிவிட்டாலோ, மாறாமல் இருந்தும் அவற்றைப் படிக்கும் திறவுகோல் இல்லாமல் போனாலோ, எந்த ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புறத்துக்கு இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே பொருந்தும். நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இப்போது தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளும் கடைவரிசைகளும் நிற்கின்றன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிபட்டன, காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களங்கள் மறைந்தன, தோட்டம் கைமாறும்போது எழுத்தரான கிராணியின் அலுவலகத்திலிருந்த செக்ரோல் எனும் வருகை, கூலிப் பதிவேடுகள் பல குப்பைக்குப் போயின. மாநிலத்தில் 60க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. லின்சம், சுவா பெத்தோங், ரீஜண்ட், ஜெராம் பாடாங் போன்ற தோட்டப் பெயர்களை அவற்றில் பல இன்னும் சுமக்கின்றன. பெயருக்கு அப்பால் அந்த வாழ்க்கையைக் காட்டக்கூடியவை பெரும்பாலும் குடும்பங்களிடம் இருக்கும் படங்களும் காணொளிகளும்தாம்: மாரியம்மன் கோயில் தீமிதி, பள்ளி விளையாட்டுப் போட்டி, லயத்து வாசலில் போட்ட கல்யாணப் பந்தல். 1990களில் விடியோ நாடாவில் எடுத்தவை 2000களில் சிடிக்கு மாறின, சிடியிலிருந்து கணினிக்கும் பென்டிரைவுக்கும் போயின, இப்போது கைப்பேசியில் இருக்கின்றன. இந்த மாற்றத்தில் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. பழைய கருவிகள் மனிதத் தவறைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டன, புதியவை பொறுப்பதில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் மீண்டிருக்கக்கூடிய அதே பிழை இன்று முற்றிழப்பாக முடிகிறது.

பொறுத்துக்கொண்ட கருவி வன்தட்டு. கணினியில் ஒரு கோப்பை அழிக்கும்போது கோப்பின் உள்ளடக்கம் தொடப்படுவதே இல்லை. பழைய ஃபாட் கோப்பு முறையில் கோப்பின் பெயருக்குரிய பதிவில் முதல் பைட் மட்டும் மாற்றப்பட்டு, அது பிடித்திருந்த இடம் காலி என்று குறிக்கப்படும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையிலும் நடப்பது ஏறக்குறைய அதுவே: பதிவேட்டில் ஒரு குறி மாறும், தரவு தன் இடத்தில் கிடக்கும். அதனால்தான் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கூட அழித்த படங்களைத் திரும்பக் கொண்டுவருகிறது. அது பெயர்ப் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஜேபெக் படமும் குறிப்பிட்ட சில பைட்டுகளோடுதான் தொடங்கும் என்பதை வைத்து, வட்டு முழுவதையும் தடவி அந்தத் தொடக்கங்களைத் தேடிப் பிடிக்கிறது. படம் கிடைக்கும், கோப்பின் பெயரும் இருந்த கோப்புறையும் கிடைக்கா.

ஃபார்மட் செய்வதிலும் இதே வேறுபாடு உண்டு. விரைவு ஃபார்மட் கோப்பு அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது. முழு ஃபார்மட் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வட்டில் கெட்டுப்போன பகுதி இருக்கிறதா என்று படித்துப் பார்த்ததோடு சரி. 2007இல் வந்த விஸ்டா முதல் அது வட்டு முழுவதும் சுழியத்தை எழுதிவிடுகிறது. திரையில் தோன்றும் சொல் ஒன்றுதான். எக்ஸ்பியில் முழு ஃபார்மட் செய்த வட்டு மீளும், விஸ்டாவிலோ அதற்குப் பின் வந்த விண்டோஸிலோ செய்த வட்டு மீளாது.

மேலே வேறொன்றை எழுதிவிட்டால் பழையது கிடைக்குமா என்பது நெடுநாள் விவாதம். நியூசிலாந்தின் பீட்டர் குட்மன் 1996இல் வெளியிட்ட கட்டுரை, நுண்ணோக்கியால் பழைய காந்தத் தடத்தின் விளிம்பைப் படிக்க இயலக்கூடும் என்று வாதிட்டு, அதைத் தடுக்க 35 முறை மேலெழுதும் முறையையும் வகுத்தது. அந்த எண் ஒரு மந்திரம் போலப் பரவிவிட்டது. இன்றும் அழிப்பு மென்பொருள்கள் அதை ஒரு தெரிவாகக் காட்டுகின்றன. அக்காலத்தில் புழக்கத்திலிருந்த பல வகைப் பதிவு முறைகளுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. எந்த ஒரு வட்டுக்கும் 35 முறையும் தேவையில்லை என்று குட்மனே பின்னர் எழுதினார். 2008இல் கிரெய்க் ரைட்டும் உடன் ஆய்வாளர்களும் இதை உண்மையிலேயே சோதித்துப் பார்த்தனர். அன்றைய புதிய வட்டில் ஒருமுறை மேலெழுதிய பின் பழைய பிட் ஒன்றைச் சரியாக ஊகிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 56 விழுக்காடு என்று தெரிந்தது. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 விழுக்காடு கிடைத்துவிடும்.

அந்த 56 விழுக்காட்டைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்ற ஒரே எழுத்துக்கு 3 பைட், அதாவது 24 பிட். இருபத்து நான்கும் ஒருசேரச் சரியாக அமையும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஓரெழுத்துக்கே இப்படியென்றால் ஒரு கடிதத்தையோ படத்தையோ பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஒருமுறை மேலெழுதினால் போதும் என்பதே அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட்டின் வழிகாட்டி ஏற்கும் நிலைப்பாடும்கூட.

கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி தன் வேலையாகவே மேலெழுதிக்கொண்டிருக்கும் கருவி. வட்டு நிறைந்ததும் மிகப் பழைய பதிவின் மேல் புதியதை எழுதும். வட்டின் அளவையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அந்தச் சுற்று சில நாளோ சில வாரமோ ஆகும். கோயில் உண்டியல் உடைபட்டதைத் திருவிழாக் கணக்குப் பார்க்கும்போதுதான் கண்டுபிடித்தார்கள் என்றால், அன்றைய பதிவு பெரும்பாலும் போயிருக்கும். இங்கே யாரும் எதையும் அழிக்கவில்லை. கேட்கத் தாமதமானதே இழப்புக்குக் காரணம்.

வன்தட்டின் இடத்தை ஃபிளாஷ் நினைவகத்தால் ஆன எஸ்எஸ்டி பிடித்தபோது அழித்தல் என்பதன் பொருளே மாறிவிட்டது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஓர் அறையில் நேரடியாக மேலெழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதியைத் துடைத்துவிட்டுத்தான் எழுத முடியும். துடைப்பது நேரம் பிடிக்கும் வேலை என்பதால், எந்த இடம் இனி வேண்டாம் என்பதை இயங்குதளம் முன்கூட்டியே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். டிரிம் எனப்படும் அந்தக் கட்டளை 2009இல் விண்டோஸ் 7 வந்த காலத்திலிருந்து பரவலானது. கோப்பை அழித்ததும் கட்டளை போகிறது. எஸ்எஸ்டியின் கட்டுப்படுத்தி தன் ஓய்வுநேரத்தில் அந்தத் தொகுதிகளைத் துடைக்கிறது. துடைக்கும் முன்பே படிக்க முயன்றாலும் பல கருவிகள் சுழியத்தையே திருப்பித் தருகின்றன. மீட்பு மென்பொருளை ஓட்ட மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கும் அரைமணி நேரமே அந்தத் துடைப்புக்குப் போதுமானதாகிவிடும். தடங்களை ஓட்டின் மேல் ஓடு போல் அடுக்கி எழுதும் புதிய வன்தட்டுகள் சிலவும் இதே கட்டளையை ஏற்கின்றன. ஆகவே ‘வன்தட்டுதானே, மீட்டுவிடலாம்’ என்ற பழைய நம்பிக்கை அவற்றில் செல்லாது. சாதாரணப் பென்டிரைவும் மெமரி கார்டும் பெரும்பாலும் இந்தக் கட்டளையைப் பெறுவதில்லை. கேமராவிலிருந்து தவறுதலாக அழிந்த கல்யாணப் படங்கள், அதே கார்டில் மேலும் படம் எடுக்காமலிருந்தால், இன்றும் திரும்பி வரக் காரணம் அதுதான்.

எழுதவே படாத தரவு என்றொரு வகையும் உண்டு. மீட்பவர்கள் அதைக் காணும்போது சொல்வதறியாது நிற்பார்கள். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் இணையச் சந்தையிலும் ஒரு டெராபைட் என்று அச்சிட்டு நம்ப முடியாத விலைக்கு விற்கும் பென்டிரைவுகள் பலவற்றில் இருப்பது சில ஜிகாபைட் மட்டுமே. உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி கணினியிடம் பெரிய அளவைப் பொய்யாகச் சொல்கிறது. உண்மையான கொள்ளளவு தீர்ந்த பின் வருபவற்றைக் காற்றில் விடுகிறது, அல்லது முன்பு எழுதியதன் மேலேயே சுற்றிச் சுற்றி எழுதுகிறது. கோப்புகளின் பெயர், அளவு, தேதி எல்லாம் ஒழுங்காகத் தெரியும். திறந்தால்தான் ஒன்றும் இருக்காது. இல்லாத தரவை மீட்க வழியில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய சோதனை மென்பொருள்கள் வாங்கிய அன்றே இதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இனி உடைவும் பழுதும். வன்தட்டின் வட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் தலை வட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே மிதக்கிறது. தூசி புகுந்தாலோ கருவி கீழே விழுந்தாலோ தலை வட்டைத் தொடும். வட்டு நின்றிருக்கும்போது தொட்டு ஒட்டிக்கொண்டால், தூசியற்ற அறையில் தலையை மாற்றிவிட்டுப் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். சுழன்றுகொண்டிருக்கும்போது தொட்டால் காந்தப் பூச்சு வளையம் வளையமாகச் சுரண்டப்படும். பூச்சு பொடியாகிப் போன இடத்தில் தரவு இல்லை. அந்தப் பொடி மற்ற இடங்களையும் கெடுக்கும். கடகடவென்று சத்தம் போடும் வட்டை ‘இன்னும் ஒருமுறை’ என்று மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்து இயக்கிப் பார்ப்பதே மீளக்கூடியதை மீளாததாக மாற்றும் மிகச் சாதாரணமான வழி. உறைபெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற கைவைத்தியமும் உள்ளே ஈரம் படியவைத்து அதே வேலையைத்தான் செய்கிறது. மடிக்கணினி வட்டுகளில் பெரும்பாலும் அடித்தளமே கண்ணாடி. அது நொறுங்கிவிட்டால் கதை முடிந்தது.

தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரை உலகிலேயே இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களுள் ஒன்று. தகரக் கூரை வீடுகளில் மாலை மழையோடு வரும் மின்னல் தொலைக்காட்சியையும் இணைய மோடத்தையும் கணினியையும் கொண்டுபோவது தோட்டப்புறத்தில் புதிதல்ல. ஆனால் மின்னல் அடித்த வன்தட்டு பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் மீளும். கருகுவது வெளியே இருக்கும் மின்சுற்றுப் பலகை. உள்ளே வட்டுகள் நலமாயிருக்கும். அதே மாதிரிப் பலகை ஒன்றை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வட்டுக்கும் உரிய அளவீடுகள் பழைய பலகையில் உள்ள சிறு சில்லில் பதிந்திருக்கும். அதைப் பெயர்த்துப் புதிய பலகையில் பற்றவைக்க வேண்டும். அது தெரியாமல் கருகிய பலகையைக் குப்பையில் போட்டுவிடுவோர் உண்டு. வெளியே செருகும் யூஎஸ்பி வன்தட்டுகள் சிலவற்றில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: உரிமையாளர் கடவுச்சொல் எதுவும் வைக்காவிட்டாலும், இணைப்புப் பலகையிலுள்ள சில்லு தரவை மறைகுறியாக்கியே எழுதும். அந்தச் சில்லு கருகிவிட்டால் நலமான வட்டு இருந்தும் அதிலிருந்து வருவது புரியாத எண்குவியல்.

வெள்ளமும் இதே போலத்தான். 2021 டிசம்பரில் தீபகற்பத்தின் பல மாநிலங்களோடு நெகிரி செம்பிலானையும் வெள்ளம் பிடித்தது. நீர் காந்தத்தை அழிப்பதில்லை. சாதாரண வன்தட்டில் காற்றழுத்தம் சமனாவதற்காக வடிகட்டி வைத்த துளை ஒன்று உண்டு. அதன் வழியே சேறும் உப்பும் உள்ளே போய், காய்ந்த பின் வட்டின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். காயவைத்து இயக்கியவுடன் தலை அந்தப் படலத்தில் மோதும். ஆகவே நனைந்த வட்டை இயக்காமல், முற்றாக உலரவும் விடாமல், மீட்பகத்துக்கு அனுப்புவதே முறை. நனைந்த கைப்பேசியை அரிசியில் புதைப்பதால் பயனில்லை. அரிசி ஈரத்தை ஓரளவு உறிஞ்சினாலும் உப்பையும் சேற்றையும் எடுக்காது. அவை பலகையின் நுண்கம்பிகளை அரித்துக்கொண்டே இருக்கும்.

கருவியின் தோற்றத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதற்குக் கொலம்பியா விண்ணோடமே சான்று. 2003 பிப்ரவரி 1இல் அது வானில் சிதறியது. பல மாதங்களுக்குப் பின் தரையில் கிடைத்த ஒரு வன்தட்டு உருகிக் கருகிய உலோகக் கட்டியாக இருந்தது. உறை கெட்டு மண் புகுந்திருந்தபோதிலும், வட்டில் தரவு இருந்த பகுதி தப்பியிருந்தது. ஆன்ட்ராக் என்ற தரவு மீட்பு நிறுவனத்தின் பொறியாளர்கள் ஏறத்தாழ 99 விழுக்காட்டை எடுத்தனர். அதிலிருந்த ஆய்வின் முடிவு 2008இல் இயற்பியல் இதழில் வெளிவந்தது. வட்டு பழைய டாஸ் முறையில் இயங்கியதால் தரவு அங்கங்கே சிதறாமல் ஒரே பகுதியில் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்ததும் அவர்களுக்குக் கைகொடுத்தது. விண்ணிலிருந்து விழுந்த வட்டு மீண்டது. வீட்டு மேசையில் ஒரு கட்டளையில் துடைக்கப்பட்ட எஸ்எஸ்டி மீளாது.

ஒன்றும் நடக்காமலேயே போகும் தரவும் உண்டு. 2000களில் கோயில் திருவிழாக்களையும் கல்யாணங்களையும் பதிந்து கொடுத்த சிடிக்களில் தரவைத் தாங்குவது ஒரு கரிமச் சாயம். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதை நிறம் மாற்றும். தகரக் கூரைக்குக் கீழே, சன்னலோரக் காட்சிப் பேழையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்து ஆண்டு நின்ற சிடி படிக்க மறுப்பதில் வியப்பில்லை. அடியிலுள்ள தெளிந்த பக்கத்தில் விழுந்த கீறலைத் தேய்த்து மெருகேற்றிச் சரிசெய்யலாம். பெயர் எழுதும் மேல் பக்கத்தில் விழுந்த கீறல்தான் ஆபத்து; அங்கே உலோகப் பூச்சுக்கு மேல் ஒரு மெல்லிய அரக்குப் படலம் மட்டுமே இருக்கிறது. பூச்சு உரிந்து வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் துளை விழுந்தால் அந்தப் பகுதி போனதுதான். கூர்முனைப் பேனாவால் ‘தங்கச்சி கல்யாணம்’ என்று அழுத்தி எழுதியதே சில சிடிக்களைக் கெடுத்திருக்கும். டிவிடியில் பதிவுப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த அபாயம் குறைவு. வெப்பமண்டல ஈரம் இன்னும் ஒரு படி மேலே போகும்: 2001இல் மத்திய அமெரிக்காவின் பெலீசிலிருந்து வந்த ஒரு சிடியில், விளிம்பு வழியே புகுந்த பூஞ்சை பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் தின்றிருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டனர்.

ஃபிளாஷ் நினைவகத்தின் மின்னூட்டமும் மெல்லக் கசிந்துகொண்டேயிருக்கும். எழுதி எழுதித் தன் ஆயுளை முடித்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே குறைக்கடத்தித் துறையின் தரநிலை அமைப்பான ஜெடெக் கேட்பது. புதிய கருவி இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வெப்பம் ஏற ஏறக் கசிவும் விரைவாகும். மலேசிய வீட்டு அலமாரியின் உட்புறம் 30 பாகையைத் தாண்டுவது அன்றாடம். ‘எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு அலமாரியில் வைத்தாயிற்று’ என்ற நிம்மதிக்கு அடிப்படை குறைவு. மேலும் இன்றைய பென்டிரைவும் மைக்ரோ எஸ்டி கார்டும் பல வேளைகளில் ஒரே வார்ப்பாக இருக்கும். கட்டுப்படுத்தியும் நினைவகமும் ஒரே பிசினுக்குள். உள்ளே சில்லு நலமாயிருந்தால் அடிப்பூச்சைச் சுரண்டி நுண்கம்பி இழுத்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். காற்சட்டைப் பையில் அமர்ந்து வளைந்து, விரிசல் சில்லின் ஊடே ஓடிவிட்டால் அவர்களாலும் ஆகாது.

இதுவரை சொன்னவை பொருளின் அழிவு. கைப்பேசிக் காலத்தில் பெரும் இழப்பு வேறு வகை: பொருள் அழியாமலே திறவுகோல் அழிவது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், வேகம் போதுமான புதிய கைப்பேசிகளில் உள்நினைவகம் மறைகுறியாக்கப்பட வேண்டும் என்றானது. 2019இன் ஆண்ட்ராய்டு 10 அதை எல்லாப் புதிய கருவிகளுக்கும் விரித்தது. ஐபோன்களில் 2009இன் 3ஜிஎஸ் முதலே வன்பொருள் மறைகுறியாக்கம் இருந்தது. இம்முறையில் ஒவ்வொரு கோப்பும் திறவுகோலால் கலைக்கப்பட்டே எழுதப்படுகிறது. அந்தத் திறவுகோல் கைப்பேசியின் மையச் சில்லோடும் உரிமையாளரின் கடவு எண்ணோடும் பின்னப்பட்டிருக்கிறது. தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கும்போது கருவி படங்களை ஒவ்வொன்றாக அழிப்பதில்லை. திறவுகோலை மட்டும் அழிக்கிறது. 128 ஜிகாபைட் தரவும் சில விநாடிகளில் பொருளற்றதாகிவிடும். கடவு எண்ணை மறந்த தாத்தாவின் கைப்பேசியை ‘திறந்து’ கொடுக்கும் கடை செய்வது பெரும்பாலும் இந்த மீட்டமைப்புத்தான். கைப்பேசி மீண்டும் ஓடும். உள்ளே இருந்த குரலும் படமும் அந்தக் கணமே போய்விடும். இழப்பை உண்டாக்கியது பழுதல்ல, பழுது பார்த்தல். தோட்டக் குடும்பங்களில் மூத்தவர் இறந்த பின் நடக்கும் இழப்புகளில் இதற்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

நினைவகச் சில்லை மட்டும் பெயர்த்துப் படிக்கும் பழைய உத்தி இத்தகைய கைப்பேசியில் பலிக்காது. கிடைப்பது கலைந்த எண்கள்தாம். இறந்த கைப்பேசியிலிருந்து தரவெடுக்க ஒரே வழி அதே பலகையை, அதே மையச் சில்லோடு, ஒருமுறையாவது உயிர்ப்பித்துக் கடவு எண்ணை இடுவது. நுண்பற்றவைப்புக் கலைஞர்கள் இதைச் செய்கிறார்கள். மையச் சில்லு உடைந்திருந்தாலோ கடவு எண் யாருக்கும் தெரியாவிட்டாலோ வழியில்லை. மடிக்கணினியும் அதே பாதையில் போகிறது. 2024இன் விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் மறைகுறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. மீட்புத் திறவுகோல் அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. கடைக்காரர் தமக்குத் தோன்றிய மின்னஞ்சலில் கணக்குத் திறந்து கொடுத்திருந்தால், பின்னாளில் திறவுகோல் எங்கே என்று வீட்டாருக்குத் தெரியாது.

பிணைப்பண நச்சுநிரலும் இதே கணிதத்தைக் கொண்டு திருடுகிறது. 2017 மே மாதம் உலகைச் சுற்றிய வன்னாகிரை பெரிய நிறுவனங்களை முடக்கியது. வீட்டுக் கணினிகளைப் பிடித்தது பெரும்பாலும் திருட்டு மென்பொருளோடு ஒட்டி வந்த ஸ்டாப் என்ற இனம். அது இணையத் தொடர்பு கிடைக்காதபோது தன்னுள் வைத்திருந்த பொதுத் திறவுகோலைப் பயன்படுத்தியது. அவ்வாறு பூட்டியவற்றில் பலவற்றை எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் 2019இல் வெளியிட்ட இலவசக் கருவியால் திறக்க முடிந்தது. இணையம் இருந்தபோது பூட்டியவற்றுக்கு ஒவ்வொரு கணினிக்கும் தனித் திறவுகோல். அவற்றில் பல பூட்டியபடியே நிற்கின்றன. அன்று இணையம் அறுந்திருந்த வீட்டாருக்குப் படங்கள் திரும்பின என்பது இத்துறையின் விந்தைகளில் ஒன்று. 2017 ஜூனில் வந்த நாட்பெட்யா பணம் கேட்டது வெறும் வேடம். திறக்கும் வழியை அதைச் செய்தவர்களே வைத்திருக்கவில்லை.

தரவு கையிலுள்ள கருவியில் இல்லாமல் வேறொருவர் சேவையகத்தில் இருக்கும்போது, மீட்பு என்ற பேச்சே உரிமையாளர் கையை விட்டுப் போகிறது. 2000களின் நடுவில் மலேசிய இளைஞர்கள் இணையக் கடைகளில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தது ஃபிரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளத்தில்தான். 2009இன் இறுதியில் அதை மலேசியாவின் எம்ஓஎல் நிறுவனம் வாங்கியது; 2011இல் தளம் விளையாட்டுத் தளமாக மாறியபோது, முன்னறிவிப்புக்குப் பின், பழைய படங்களும் வலைப்பதிவுகளும் நீக்கப்பட்டன. அந்தத் தலைமுறை தன் முதல் எண்ணியல் படங்களை அங்கேதான் ஏற்றியிருந்தது. மைஸ்பேஸ் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட இசைக் கோப்புகளைச் சேவையக மாற்றத்தில் இழந்ததாக 2019இல் ஒப்புக்கொண்டது. அரசுகளும் விலக்கல்ல: 2025 செப்டம்பர் 26இல் தென் கொரியாவின் தேஜோன் தரவு மையத்தில் பற்றிய தீயில், அரசு ஊழியர்களின் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் எரிந்தது. 858 டெராபைட், வெளியே படி எடுத்து வைக்கவில்லை. கூகுள் 2023 டிசம்பர் முதல், ஈராண்டு தொடப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைச் செயல்படுத்துகிறது. இறந்தவரின் கணக்கில் இருக்கும் படங்களுக்கு அது ஒரு கெடு.

இழந்தது போலத் தோன்றி, உண்மையில் இழக்காத ஒரு வகை தமிழுக்கே நெருக்கமானது. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ்ப்பள்ளி மலர்களும் கோயில் அழைப்பிதழ்களும் முரசு அஞ்சலின் இணைமதி போன்ற எழுத்துருக்களிலும், பாமினி, டிஸ்கி, டாப், டாம் ஆகிய குறியீடுகளிலும் தட்டச்சாயின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் லத்தீன் எழுத்துகளும் பிறைக்குறிகளும் கலந்த குழப்பமே தெரியும். ‘வைரஸ் தின்றுவிட்டது’ என்று அழிக்கப்பட்ட கோப்புகள் ஏராளம். தின்னப்பட்டது எதுவுமில்லை, எந்த எண் எந்த எழுத்துக்கு என்ற அட்டவணை மாறியிருக்கிறது, அவ்வளவே. குறியீட்டு மாற்றிகள் அத்தகைய கோப்பை நொடியில் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடும். கோப்பில் எழுத்துருவின் பெயர் பதிந்திருந்தால் எந்த மாற்றியைப் பயன்படுத்துவது என்ற குழப்பமும் இராது. கோப்பே கெட்டுப்போனது போலத் தோன்றும் காணொளிகளும் இப்படித்தான். தீமிதியைப் பதிந்துகொண்டிருக்கும்போது கேமராவின் மின்கலம் தீர்ந்துவிட்டால், கோப்பின் இறுதியில் எழுதப்பட வேண்டிய அட்டவணை எழுதப்படாமல் போகும். காட்சிகள் உள்ளே கிடக்கும். அதே கேமராவில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாக வைத்து அட்டவணையைக் கட்டிவிடலாம்.

பகுதி மீட்பு என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மூலம் போன பின் தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் உறவினரின் வாட்ஸ்அப்பில் தங்கிய படிதான். தாமானுக்குக் குடிபெயர்ந்த சித்தியின் கைப்பேசியிலோ சிங்கப்பூரில் வேலை செய்யும் மாமா மகனிடமோ அது கிடைக்கக்கூடும். வழக்கமான முறையில் அனுப்பிய படத்தை வாட்ஸ்அப் சுருக்கி, நீளப் பக்கம் ஏறத்தாழ 1,600 புள்ளிகளாகக் குறைத்து, எடுத்த நாளும் இடமும் குறித்த உள்தகவலையும் களைந்துவிடுகிறது. முகங்கள் தெரியும், பெரிதாக அச்சிட்டால் பின்னணியிலிருக்கும் லயத்தின் கதவு எண் தெரியாது. அந்தச் சுருக்கத்தில் விட்டுப்போன புள்ளிகளைப் படத்தைக் கூர்மையாக்கும் செயலிகள் ஊகத்தால்தான் நிரப்புகின்றன. ஆவணக் கோப்பாக அனுப்பியிருந்தால் மட்டும் படம் மூலத்தின் அளவிலேயே, உள்தகவலோடு வந்து சேர்ந்திருக்கும்.